வெற்றிலை மாற்றாத சுவர்

ஆகஸ்ட் 18, திங்கள்

மருந்து கொடுக்கிற நேரத்தை எழுதி வைக்கச் சொல்லி மகள் உமையாள் கூரியரில் அனுப்பிய டைரி. காலையில் இரண்டு மாத்திரை, மத்தியானம் ஒன்று, வலி வந்தால் சொட்டு மருந்து. எழுதியாயிற்று. மீதிப் பக்கம் வெறுமனே கிடக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். சும்மா இருக்க வராது. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

இவரைச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தேன். "இனி வீட்லயே வச்சுப் பாருங்கம்மா, பிடிச்சதைக் குடுங்க" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி தேவையில்லை என்றால் தேறிவிட்டார் என்றுதானே அர்த்தம். ஓசூரிலிருக்கிற அவளிடமும் போனில் அப்படித்தான் சொன்னேன். உமையாள் குரல் விட்டு விட்டுக் கேட்டது. லைன் சரியில்லை போலிருக்கிறது.

கட்டிலைப் பட்டாசலில்தான் போட வேண்டும் என்று இவருக்கு ஒரே பிடிவாதம். எங்கள் பக்கத்தில் வீட்டின் முன்கூடத்தைப் பட்டாசல் என்போம். அங்கே படுத்தால் வாசல் வழியே தெருவும், தெருக்கடைசியில் படித்துறையும், ஒரு துண்டு தாமிரபரணியும் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டேன்.

இன்று நீலப் பலகை வந்தது. 'பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம்.' நயினார்துறையில் எங்கள் படித்துறைத் தெருவையும் இரண்டு பக்கத்துத் தெருக்களையும் பாரம்பரியப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். அதற்காக நடையாய் நடந்தவர் இவர்தான். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகு ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மரியாதைக்கு முதல் பலகையை எங்கள் வீட்டில் அடித்தார்கள். துளை போடுகிற மெஷின் அதிர்வில் காரை உதிர்ந்து இவர் தலையணையில் விழுந்தது. தட்டிவிட்டுச் சிரித்தார்.

கூட வந்த என்ஜினியர் பெண், ரெஜினா என்று பேர், நல்ல மாதிரி. "அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதியிலருந்து ரூல்ஸ் அமலுக்கு வருதும்மா. அதுக்குப் பெறகு ஒரு ஆணி அடிக்கணும்னாலும் பாரம்பரியக் குழு அனுமதி வேணும். ரிப்பேர் ஏதும் இருந்தா முன்னாலயே முடிச்சிருங்க" என்றாள்.

"கல்யாணமான நாள்லருந்து ஆணி அடிக்கச் சொல்லுதேன், இவிய அடிக்கல. இனிமேயா அடிக்கப் போறாவ" என்றேன். அவள் சிரித்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டு இட்லி சாப்பிட்டார். நல்ல முன்னேற்றம்.

கடைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. திரும்பி வந்ததும் வராததுமாக, "பூட்டை இழுத்துப் பாத்தியா?" என்கிறார். "நான் உள்ளல்லா வந்துட்டேன், இனி எதுக்கு இழுத்துப் பாக்கணும்?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்விதான். ஒருதரம் காசிக்குப் போகும்போது நாக்பூர் தாண்டி, ரயிலில் வைத்துக் கேட்டார்.

மத்தியானம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆவுடை, ஒண்ணு சொல்லுதேன், வையாத" என்றார். "என்னைய இங்கருந்து எங்கயும் கொண்டுபோயிராத. நீர்மாலைத் தண்ணி நம்ம படித்துறைலருந்து வரணும். நம்ம வாசல்ல வச்சுக் குளிப்பாட்டி, நம்ம வாசல்லருந்து தூக்கணும்."

இறந்தவரைக் குளிப்பாட்ட ஆற்றிலிருந்து மேளத்தோடு கொண்டு வருகிற தண்ணீருக்குத்தான் நீர்மாலை என்று பேர். உடம்பு தேறி வருகிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது? "நீங்க எந்திரிச்சுப் போயி அந்தப் படித்துறைல முங்கிக் குளிக்கிற வழியப் பாருங்க" என்று வைதேன். கையை விடவில்லை. சரி என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

செப்டம்பர் 3, புதன்

தலையணை உறையில் மறுபடியும் காரைத்தூள். கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்கு விரிசல். சுண்டுவிரல் நுனி உள்ளே போகிறது.

பக்கத்து வீடு எனக்குத் தம்பி முறையாகிற தளவாயுடையது. அவன் புனேயில் இருக்கிறான். பூட்டிப் போட்டு வருஷக்கணக்கு ஆகிவிட்டது. மச்சு இடிந்து உள்ளே விழுந்து, அதில் ஒரு அரசமரம் கிளம்பி நிற்கிறது. அதன் வேர்தான் சுவருக்குள் வந்துவிட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

பேச்சிமுத்து கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். தட்டித் தட்டிப் பார்த்தான். "ஆச்சி, மரத்த வெட்டி வேரை எடுத்துட்டு, அந்தப் பக்கம் ஒரு முட்டுச்சுவரு வச்சிட்டா நிக்கும். பதினஞ்சாந்தேதிக்குள்ள முடிச்சிரலாம். திங்கக்கெழம ஆள் கூட்டிட்டு வாரேன்" என்றான்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வெத்தலை மாத்தியாச்சா?"

பேச்சிமுத்து கரண்டியைப் பைக்குள் வைத்துவிட்டான். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை. பொதுச்சுவரில் எந்த வேலை செய்தாலும் இரண்டு வீட்டுக்காரர்களும் நேருக்கு நேர் நின்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் கை வைத்த வீட்டில் பிள்ளை தங்காது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"சார்வாள் சொல்லுததும் சரிதான. எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் பேச்சிமுத்து போய்விட்டான்.

செப்டம்பர் 6, சனி

தளவாயைப் போனில் பிடித்து, இவருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோங்க. நானா வேண்டாம்னு சொல்லப் போறேன்?" என்றான்.

"போன்ல வெத்தலை வருமாடே? நேர்ல வா" என்றார் இவர்.

"சரித்தான் அத்தான். பன்னெண்டாந்தேதி வாரேன்."

சரித்திரம் படித்த மனுஷனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சண்டை போட்டேன். வேறு கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. உமையாளுக்கு முன்னால் பிறந்த பையன் எங்களுக்குத் தங்கவில்லை. அப்போது அந்தச் சுவரில் யாரும் கை வைக்கவுமில்லை. இருந்தாலும் உமையாள் வயிற்றில் ஒரு பேரன் இருக்கிறானே. எனக்கும் துணிச்சல் வரவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

தளவாய் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். தீபாவளிக்குக் கட்டாயம் வருவானாம்.

செப்டம்பர் 15, திங்கள்

ரூல்ஸ் அமலுக்கு வந்தது. தெருமுனையில் நாதஸ்வரம், மேடை, பேச்சு. இவரால் போக முடியாது என்று சால்வை வீடு தேடி வந்தது. போர்த்தியவர்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பின்னால் விரிசல் தெரியக்கூடாது என்று போட்டோக்காரன் கட்டிலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னான். நகர்த்திக் கொடுத்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்ததற்கு ரெஜினா வந்து பார்த்தாள். சுவரில் கை வைத்ததும் அவள் முகம் மாறியது.

"அம்மா, சிமென்ட்ல செய்யக் கூடாது. சுண்ணாம்புக் கலவைலதான் செய்யணும். அதுக்குன்னு நிபுணர் வந்து பாத்துச் சொல்லணும். அப்புறம் குழுவுல வைக்கணும். அடுத்த கூட்டம் நவம்பர் கடைசிலதான்."

"மழை அதுக்கு முன்னால வந்துருமே தாயி."

"தெரியும்மா" என்றாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

இவருக்கோ முகமெல்லாம் பிரகாசம். "சுண்ணாம்புதான் சரி. சிமென்ட் பழைய சுவத்தை மூச்சு முட்ட வச்சிரும். அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான்" என்றார்.

"வேலில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, அதுக்கு விளக்கம் வேற" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. ரெஜினா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். என் கோபத்தை யாரிடம் காட்டுவது என்றே தெரியவில்லை. எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள்.

அக்டோபர் 7, செவ்வாய்

அரை இட்லி. சொட்டு மருந்தை டாக்டர் இரண்டு மடங்காக்கச் சொன்னார். குணமாகிற மருந்து என்றால் கூடுதலாகக் கொடுப்பது நல்லதுதானே.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தளவாய் வந்துவிட்டான். பட்டு வேட்டி, கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு. இவரை நானும் அவனுமாகத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம். சால்வையைப் போர்த்திக்கொண்டார். இரண்டு பேரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். இவர் கையிலிருந்து ஒரு வெற்றிலை நழுவி விழுந்தது. தளவாய் எடுத்து மறுபடியும் கொடுத்தான்.

"இனி தாராளமா வேலைய ஆரம்பிக்கலாம்" என்றார் இவர், ஏதோ கோட்டையைப் பிடித்தது போல.

வாசலில் நின்று தளவாய் தன் வீட்டைப் பார்த்தான். "இது இவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று என்னிடம் கேட்டான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரயிலுக்குப் போய்விட்டான். தேறி வருகிறவருக்கு ஒரு வாய் அதிரசம் கொடுத்தேன். அதை மாலை வரை வாயிலேயே வைத்திருந்தார்.

அக்டோபர் 29, புதன்

மழை பிடித்துக்கொண்டது. விரிசல் வழியே செம்மண் தண்ணீர் இறங்குகிறது. கட்டிலைப் பட்டாசலின் மறுபக்கம் இழுத்துப் போட்டேன். அங்கிருந்து ஆறு தெரியாது. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை வெறித்த நேரத்தில் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள். டிசம்பரில் பாரம்பரிய விழாவாம். தெரு முழுக்க ஒரே சந்தன நிறம். முன்சுவருக்கு மட்டும்தான். "உள்ள ஒரு சுவரு விழப் போகுதுய்யா" என்றேன். "எங்களுக்கு வாசப்பக்கம் மட்டும்தான் ஆச்சி காண்ட்ராக்ட்" என்றார்கள்.

நவம்பர் 5, புதன்

சுவர் வயிறு தள்ளிவிட்டது. அதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

ரெஜினா ஓடி வந்தாள். "இன்னைக்கே வெளிய வந்திரணும். நோட்டீஸ் எழுதி ஒட்டுறதுக்கு முன்னால நானே சொல்லிருவோம்னுதான் வந்தேன்" என்றாள். வெளியே வைத்துச் சொல்லச் சொன்னேன். ஆனாலும் இவர் காதில் விழுந்துவிட்டது.

"ஆவுடை" என்றார். அவ்வளவுதான். ஆகஸ்டில் நான் சொன்ன சரி என்னாயிற்று என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"சுவரு சரியானதும் வந்திரலாம். ரெண்டு வாரம்" என்றேன்.

அவருடைய பழைய மாணவர்கள் நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். வாசல்நிலையைத் தாண்டும்போது கையை நீட்டி மரத்தைத் தொட்டார். மழையில் இன்னும் காயாத பெயிண்ட் விரலில் ஒட்டிக்கொண்டது. ஆட்டோவில் ஏற்றியதும், "பூட்டை இழுத்துப் பாத்தியா?" என்றார். இறங்கிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

பைபாஸ் பக்கம் வாடகைக்கு ஒரு மாடி வீடு. ஜன்னலில் பெட்ரோல் பங்க் தெரிகிறது. உமையாள் வந்திருக்கிறாள். அவள் மசக்கையும் அவருக்கு இறங்காத கஞ்சியும் ஒரே அறைக்குள்.

நவம்பர் 9, ஞாயிறு

விடியற்காலை மழையில் சுவர் விழுந்துவிட்டது. தகவல் வந்ததும் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பொதுச்சுவர் எங்கள் பக்கம் சாய்ந்து, உத்தரத்தை இழுத்து, பட்டாசல், உள்கட்டு எல்லாம் தரையோடு தரை. ஓட்டுக் குவியலுக்கு மேலே கட்டிலின் ஒரு கால் தெரிந்தது.

முன்சுவர் அப்படியே நிற்கிறது. கதவு, ஜன்னல், நீலப் பலகை, சந்தன நிறம், ஒன்றும் ஆகவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் வீடு இருக்கிறது. நான் போய்ச் சேர்வதற்குள் இரும்புக் குழாய்களைச் சாய்த்து முட்டுக் கொடுத்துவிட்டார்கள். இதற்கு மட்டும் அனுமதி ஒரே காலையில் கிடைத்திருக்கிறது. அதைக் கேட்டே விட்டேன். ரெஜினா அழுதாள். நான் அழவில்லை.

"நல்ல நேரத்துல வெளிய வந்திய. பெரிய புண்ணியம்" என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

தினமும் காலையில் வீட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போகிறேன். வந்ததும் கேட்கிறார். நானும் சொல்கிறேன். பட்டாசலைப் பெருக்கினேன். துளசிக்குத் தண்ணீர் விட்டேன். சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது, சாவி கொடுத்தேன்.

"விரிசல் கூடிருக்கா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

"ஆத்துல தண்ணி?"

"படித்துறைல பாதிப் படி முங்கிட்டு." அது ஒன்றுதான் நிஜம்.

உமையாள் அடுக்களையில் நின்று என்னைப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

நவம்பர் 19, புதன்

சவரம் செய்துவிட அவருடைய பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். நான் காபி போட்டு வருவதற்குள் போனில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். விழாப் படமாக இருக்கும்.

இன்று மூன்று கரண்டி மோர்.

நவம்பர் 24, திங்கள்

வழக்கம்போல எல்லாம் சொன்னேன். வாசலில் கோலம் போட்டதாகவும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கோலம்?"

"சிக்குக் கோலம்."

"நல்லாருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே அங்க செருப்பில்லாம நடக்காத ஆவுடை. ஓடு கிடக்கும். காலக் கிழிச்சிரும்" என்றார்.

மருந்து மயக்கத்தில் என்னென்னவோ பேசுகிறார்.

நவம்பர் 26, புதன்

ஒன்றும் சாப்பிடவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

நேற்றுக் காலை பத்து மணிக்கு.

உமையாளும் மருமகனும், மாடி வீட்டிலிருந்து நேரே மின்மயானத்துக்குக் கொண்டு போய்விடலாம் என்றார்கள். "எம்மா, அங்க என்னம்மா இருக்கு?" என்றாள். வாசல் இருக்கிறது என்றேன். முதல்தரமாகப் பிள்ளை மேல் கை ஓங்கினேன். அடிக்கவில்லை.

அன்றைக்கு நாற்காலியில் தூக்கின அந்த நாலு பேரே மறுபடியும் தூக்கினார்கள். படித்துறைத் தெருமுனையில் தடுப்பு போட்டிருக்கிறது. முன்சுவர் எந்நேரமும் விழலாம், யாரும் உள்ளே வரக்கூடாது. விழாவுக்காகத் தெரு முழுக்க விளக்குச் சரம் வேறு. ரெஜினா யார் யாருக்கோ போன் போட்டாள். எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது நான் பார்த்ததுதான். எதிர்முனையில் ஆள் மாறும், பதில் மாறாது. கடைசியில் என்னிடம் வந்து, "அம்மா, உடம்பை உள்ள விட மாட்டேங்காங்க" என்றாள்.

தெருமுனையில் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே பெஞ்சைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். ஆற்றுக்கும் எங்கள் தெரு வழியே போகக்கூடாதாம். மருமகன் பின்தெரு வழியே சுற்றிப் போய் வேறொரு துறையில் இறங்கித் தண்ணீர் எடுத்து வந்தான். நீர்மாலை வந்தது. எங்கள் படித்துறைத் தண்ணீர் இல்லை. நம்ம வாசலும் இல்லை. ஆறு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான் என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். ஒன்று இல்லை. அவர் கேட்டது இரண்டே விஷயம். இரண்டுக்கும் நான் சரி என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் தெருவில் இன்னொரு வழக்கம் உண்டு. தூக்கிக்கொண்டு போகும் வரை இறந்தவர் வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும். நான் ரெஜினாவிடம், "கதவ மட்டும் தெறந்துட்டு வந்திருதேன். என் வீட்டுக் கதவு" என்றேன். அவள் யாருக்கும் போன் போடவில்லை. தன் தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்து, தடுப்பை விலக்கிவிட்டாள்.

தனியாகத்தான் போனேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தேன். கதவு நன்றாகவே திறந்தது. அந்தப் பக்கம் வானம். மழை ஓய்ந்து வெளுத்திருந்தது. குவியலுக்கு நடுவில் தளவாய் வீட்டு அரசமரம் ஒரு இலை கூட வாடாமல் நின்றது. கட்டில்கால் இன்னும் அங்கேதான் இருந்தது. திரும்பித் தெருமுனையைப் பார்த்தேன். மேளம் நகரத் தொடங்கியது. பின்தெருவுக்குள் அவர்கள் திரும்பும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இங்கிருந்து அவருக்குப் பார்க்கப் பிடித்த ஆறு தெரிந்தது. அவர்தான் இல்லை.

தடுப்புக்கு வெளியே விழா பார்க்க முன்கூட்டியே வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "எவ்வளவு நல்லா மெயின்டெயின் பண்ணிருக்காங்க பாரு" என்று ஒரு பெண் போட்டோ எடுத்தாள். அந்தப் படத்தில் ஹெல்மெட்டோடு நானும் விழுந்திருப்பேன்.

மேளச் சத்தம் கேட்காமல் போனதும் கதவைச் சாத்தினேன். பூட்டினேன். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.